வலிவு உண்டு என்று எழுதிய கார்டு

நடந்தவை, வரிசையாக:

1. டிஸ்பென்சரி வேன் ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காத நேரத்தில், நிற்காமல் அணைகிறது என்ற புகாருடன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சரியானது. கார்டில் கையெழுத்துப் போட்டேன்.

2. பதினோராம் நாள் அதே வேன் அதே புகாருடன் வந்தது. மறுபடி சுத்தம் செய்தேன். ஐடில் வால்வையும் கழற்றித் துடைத்தேன். சரியானது. கையெழுத்துப் போட்டேன்.

3. அதிலிருந்து ஆறாம் நாள் மூன்றாம் முறையாக வந்தது. இந்த முறை வண்டிக்கு முன்னால் பழி வந்து சேர்ந்திருந்தது. பழி டிரைவர் மேல்.

4. பழுது வண்டியில் ஒன்று, எங்கள் வாசிப்பில் ஒன்று என இரண்டாக இருந்தது. இரண்டாவதை ஒரு டீ நேரத்தில் கண்டுபிடித்தோம். அதன் பிறகு முதலாவது தானாக வெளியே வந்தது.

5. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை நினைத்துக்கொண்டுதான் மற்ற நான்கையும் என்னால் அமைதியாக எழுத முடிகிறது.

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் ஒர்க்‌ஷாப் தரையில் நின்று வேலை பார்ப்பதிலிருந்து இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. பாலக்காட்டில் ஓர் ஐ.டி.ஐ.யில் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. தேவிகுளத்துக்குக் கீழே உள்ள இந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். கிளம்புவதற்கு முன் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னவள், என்னோடு ஒரு வருடமாக வேலை பார்க்கும் ஜெபா. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து, மூணாறில் படித்தவள். டிஸ்பென்சரிக்கு மின்சார வேன் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நாளில் அவள் கேட்டாள்.

"அக்கா, கரண்டு வண்டில த்ராட்டில் பாடியே கெடையாதுல்லா? பெறவு எதுக்கு நான் அதக் கழட்டிப் படிக்கணும்?"

அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். த்ராட்டில் பாடியைப் பற்றிச் சொல்வது பாதி. மீதிப் பாதி எந்த வண்டிக்கும் பொருந்தும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் கொங்குத் தமிழ், தெருவில் பாதி மலையாளம், பள்ளியில் தமிழ். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்றரை வருடம் ஆயில் மாற்றினேன். பிறகு இங்கே வந்தேன். வந்த முதல் நாளே, "ஏனுங்க, பதினாலாம் நம்பர் ஸ்பானர் எங்கிருக்குதுங்க?" என்று கேட்டேன். அன்று முதல் சீனியர் மெக்கானிக் முருகேசன் அண்ணனுக்கு என் பெயர் "ஏனுங்க". "ஏனுங்க இன்னும் வரலியா?", "ஏனுங்க கிட்ட கேளு" என்பார். ஒன்பது வருடமாக அது மாறவில்லை.

ஃபோர்மேன் அருளப்பன் சார் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் பச்சை மை பேனா ஒன்று இருக்கும். வண்டி உள்ளே வந்தால் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். "கார்டை வாசி" என்பார். டிரைவர் எழுதிய புகாரை நாங்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் பச்சையில் ஒரு டிக் போடுவார். அதன் பிறகுதான் பானெட்டைத் திறக்கலாம்.

இன்னொரு விதியும் அவருடையது. ஒர்க்‌ஷாப் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. டிரைவர்கள் அதைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் டிரைவர்கள் உள்ளே வந்து, மெக்கானிக் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அத முறுக்கு, இதத் தட்டு" என்று சொல்லி, ஒருமுறை ஒருவர் விரல் ஃபேன் பெல்ட்டில் சிக்கியதாம். அதனால் கோடு. சொல்ல வேண்டியதைக் கார்டில் எழுது, கோட்டுக்கு வெளியே நில். நல்ல விதிதான். நானும் அதை ஆதரித்தவள்தான். எனக்குப் பட்டியல் பிடிக்கும், கார்டு பிடிக்கும், ஒழுங்காக எழுதிய வரி பிடிக்கும்.

டிஸ்பென்சரி வேனின் டிரைவர் பாபு அண்ணன். அடிமாலிப் பக்கத்து மலையாளி. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து, லயத்திலேயே குடியிருப்பவர். தமிழ் சரளமாகப் பேசுவார், நடுநடுவே மலையாளம் வந்து விழும். எங்கள் கார்டுகள் தமிழில் இருந்ததால், மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுடைய புத்தகத்தை வைத்து அவளோடு சேர்ந்து உட்கார்ந்து எழுத்துப் படித்தார். உருண்டை உருண்டையாக, கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல எழுதுவார். எழுத்துப் பிழை குறைவு.

ஜெபா வேலைக்கு வருவதற்கு முன், இந்தப் புகாருக்காக அவர் எழுதிய முதல் கார்டு இது.

புகார்: ஸ்லோ ஸ்பீடில் நிக்கவில்லை. ஆஃப் ஆகுது.
வேறு விவரம்: வலிவு உண்டு.

நான் வாசித்தேன். சார் இரண்டுக்கும் டிக் போட்டார். "வலிவு இருக்கு, ஸ்லோ ஸ்பீடு மட்டும் இல்ல. அப்போ த்ராட்டில் பாடியப் பாரும்மா" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிற இன்ஜின், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

இப்போது ஜெபாவுக்காக, வேலையின் முறை.

த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் காற்று போகும் வாசல். உள்ளே ஒரு வட்டத் தகடு, பட்டர்ஃப்ளை என்போம். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். மூடியிருக்கும்போதும் ஓரத்தில் மயிரிழை அளவு காற்று போக வேண்டும். பழைய வண்டிகளில் அந்த ஓரத்தில் கரி படியும். மயிரிழை அடைபட்டால் ஸ்லோ ஸ்பீடில் மூச்சு போதாது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடு. ஏர் கிளீனரிலிருந்து வரும் குழாயின் கிளாம்பைத் தளர்த்து. வயர் பின்களைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள். ஞாபகம் இருக்கும் என்று நினைக்காதே. கேபிளைக் கழற்று. போல்ட்டுகளை எதிர் எதிராகத் தளர்த்து. வெளியே எடுத்தபின் உள்ளே பார். அந்த வேனில் தகட்டைச் சுற்றி அடுப்புக்கரி போல ஒரு வளையம் இருந்தது. இதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். பழைய டூத் பிரஷ் நல்லது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. தகட்டை விரலால் மெதுவாகத் திறந்து பிடித்துக்கொள். சென்சார் இருக்கும் பக்கம் கிளீனர் வழியாதபடி சாய்த்து வை. மாட்டும்போது புது கேஸ்கெட். பிறகு இன்ஜினை ஓட விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை காத்திரு. பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவார்கள். வண்டிக்குப் புதிய மூச்சின் அளவு தெரிய அந்த நேரம் வேண்டும்.

எல்லாம் செய்தேன். மீட்டரில் எண்ணூற்றைம்பது சுற்று. ஊசி அசையவில்லை. கையெழுத்து.

இரண்டாம் கார்டிலும் அதே இரண்டு வரிகள். "வலிவு உண்டு" என்பதை இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன். சார் டிக் போட்டார்.

மூன்றாம் முறை நடந்தது வேறு. தொழிற்சாலைக்கு மேலே உள்ள ஏற்ற வளைவில், எதிரே கொழுந்து ஏற்றிய டிராக்டர் வந்திருக்கிறது. வழிவிட பாபு அண்ணன் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. வண்டி இரண்டு முழம் பின்னால் நழுவி, பின்சக்கரம் ஓரத்துக் கானில், மழைநீர் வடிகாலில், இறங்கி நின்றது. உள்ளே நான்கு பெண்கள், ஒருத்தி கைக்குழந்தையோடு. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் நால்வரும் இறங்கி மிச்ச வழியை நடந்தே போனார்கள். மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், அதுதான் பேச்சு.

"பாபு வண்டிக்கு முன்னால ஏறினா ஆசுபத்திரி, பின்னால ஏறினா கானு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பாபு அண்ணனின் மனைவியும் அந்த வரிசையில் நின்றிருந்தாள்.

மேனேஜரின் கணக்கு எளிமையானது. வேன் சரியாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் சரியில்லாதது டிரைவர். இன்னொரு முறை அணைந்தால் அவரை வேனிலிருந்து எடுத்து, மலையில் மருந்தடிக்கும் வேலைக்குப் போடச் சொல்லிவிட்டார். அவருக்கு எதிரான சாட்சி என் கையெழுத்து. அது எனக்கு அன்றே தெரிந்தது, ஆனாலும் நான் கையெழுத்தைத்தான் நம்பினேன். செய்த வேலையில் எந்தப் படியையும் விடவில்லையே.

மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்று பாபு அண்ணன் கோட்டுக்கு வெளியே நின்று சொன்னார். முருகேசன் அண்ணன் நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் திறந்து பார்த்தார். ஷூ நன்றாக இருந்தது, ஆயில் குறையவில்லை.

"இன்ஜின் ஆஃப் ஆனா எந்த வண்டிலயும் பெடல் கல்லு மாதிரிதான் இருக்கும் பாபு. நீ ஆஃப் ஆகாம ஓட்டு."

"ஞான் ஆஃப் ஆக்கினதில்ல முருகேசா. அது தானே ஆஃப் ஆகுது."

"எல்லா டிரைவரும் அப்படித்தாம்டே சொல்லுதான்."

அருளப்பன் சார் மூன்றாம் கார்டைக் கையில் வைத்திருந்தார். "அவன்தான் மூணு வாட்டியும் வலிவு இருக்குன்னு எழுதியிருக்கான்லா. இன்ஜின்ல ஒண்ணுமில்ல. ஸ்லோ ஸ்பீட ஆயிரத்து நூறுக்கு ஏத்தி விட்டுரும்மா. நாளைக்கு ஸ்கேனுக்குப் போணும்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஏழு கர்ப்பிணிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் மூணாறுக்கு இறங்க வேண்டும். நான் ஸ்லோ ஸ்பீட்டை ஏற்றினேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. நோய் என்னவென்று தெரியாமல் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது மாதிரி. ஆனால் ஊசி நிலையாக நின்றது. மூன்றாவது கையெழுத்தையும் போட்டேன்.

பிறகு டீ. மூன்றரை மணி. மற்றவர்கள் கேன்டீன் பெஞ்சில் இருந்தார்கள். நான் கிளாஸை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு உள்பக்கம் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்கு வெளியே பாபு அண்ணன் வந்து நின்றார். செருப்பு முனை கோட்டைத் தொடாதபடி நின்றார்.

"கவிதா மோளே, ஒரு காரியம் கேக்கட்டே?"

"சொல்லுங்கண்ணா."

"மூணு வட்டம் எழுதினேன் அல்லே. ஒரு வட்டம்கூட நீங்க அது நோக்கலியே. எனிக்கி அதாணு வெஷமம்."

"எதுங்கண்ணா?"

"வலிவு."

"அது நல்லாத்தானே இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. வலிவு உண்டுன்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. கோபம் இல்லை. ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நல்லதா? எங்க அம்மைக்கு வலிவு வந்தா, நேரம் வெளுக்கிற வர சொவரைப் பிடிச்சு உக்காந்திருப்பா. படுக்கான் பற்றாது. அது நல்லதா மோளே?"

சொல்லிவிட்டு நெஞ்சில் கையை வைத்து, பல்லைக் கடித்து, காற்றை உள்ளே இழுத்துக் காட்டினார். "ஸ்ஸ்ஸ்... ஈஈஈ..."

பெஞ்சிலிருந்து முருகேசன் அண்ணன், "என்ன பாபு, பாம்பு வளக்கியா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

வலிவு. மலையாளத்தில் அது இளைப்பு. ஆஸ்துமா. மூச்சு இரைப்பது. எனக்குத் தெரியாத சொல் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் மருந்துக் கடை வாசலில் சிறுவயதிலிருந்து கேட்ட சொல். பாபு அண்ணன் வாயால் சொல்லியிருந்தால் அந்த நொடியே புரிந்திருக்கும். ஆனால் அவர் தமிழ் எழுத்தில் எழுதினார். எழுத்து தமிழாக இருந்ததால் நான் தமிழாக வாசித்தேன். வலிவு உண்டு: பலம் இருக்கிறது. அவர் எழுதியது: வண்டி இளைக்கிறது. தன் மகளின் வகுப்புப் புத்தகத்தைப் படித்து, எங்களுக்காக எங்கள் எழுத்தில், மூன்று முறை ஒரு மனிதர் சரியான பழுதை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் மூன்று முறையும் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, பழுது இல்லை என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

"அந்தச் சத்தம் எப்பங்கண்ணா கேக்குது? எந்தப் பக்கத்துல?"

"கால்கிட்ட. பிரேக் சவிட்டும்போ மட்டும். கால எடுத்தா இல்ல."

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும். நாங்கள் ஸ்லோ ஸ்பீடு எப்படிப் பார்ப்போம்? ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து, வெளியே நின்று. சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் முறையில் பிரேக் பெடல் மேல் ஒரு கால் இருக்கும் தருணமே கிடையாது. அந்தக் கால் எப்போதும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றது.

"உள்ள வாங்கண்ணா."

அவர் கோட்டைப் பார்த்தார். "அருளப்பன் சார்..."

"வாங்க. நான் சொல்லிக்கிறேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "கோயில் பாரு" என்றார் முருகேசன் அண்ணன், ஆனால் அவரும் எழுந்து வந்துவிட்டார்.

செய்தவை இவை. முதலில் இன்ஜினைப் போட்டு, அவரை சீட்டில் உட்கார வைத்து, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். நான் தலையை அவர் முழங்காலுக்கு அருகே கொண்டு போனேன். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. மீட்டரில் ஆயிரத்து நூறிலிருந்து ஊசி சரிந்து, எழுநூறு, ஐந்நூறு, இன்ஜின் நடுங்கி அணைந்தது. அடுத்து, அணைந்த இன்ஜினில் பெடலை ஐந்தாறு முறை மிதித்துக் கெட்டியாக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். நல்ல வண்டியில் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும். இறங்கவில்லை. கடைசியாக, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய குறட்டால் நசுக்கிப் பிடித்தேன். பிரேக்கை மிதித்தார். சத்தம் இல்லை. இன்ஜின் அசையாமல் ஓடியது. குழாயை விட்டேன். இளைப்பு திரும்பி வந்தது.

பூஸ்டர் என்பது பெடலுக்குப் பின்னால் இருக்கும் வட்டமான தகர டப்பா. இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை எடுத்து, நம் காலின் மிதியைப் பல மடங்காக்கிப் பிரேக்குக்குக் கொடுக்கும். உள்ளே ஒரு ரப்பர் திரை உண்டு. அது கிழிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காற்று அந்தக் கிழிசல் வழியாக இன்ஜினுக்குள் போனது. கணக்கில் இல்லாத காற்று, அதனால் இன்ஜின் அணைந்தது. நான் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தது வீண் வேலை இல்லை. கரி உண்மையாகவே இருந்தது. சுத்தம் செய்ததால் இன்ஜினுக்குக் கொஞ்சம் தெம்பு வந்து, சிறிய கிழிசலைத் தாங்கிக்கொண்டது. கிழிசல் பெரிதானதும் மறுபடி அணைந்தது. கடைசியாக நாங்கள் ஸ்லோ ஸ்பீட்டை ஏற்றியது, அதை இன்னும் சில நாள் மறைத்திருக்கும். அந்தச் சில நாளில் முதல் நாள், ஏழு பெண்கள் இருக்கும் வேன் மூணாறு இறக்கத்தில்.

அருளப்பன் சார் ஆபீஸ் அறையில் இருந்தார். நான் போய், "சார், வலிவுன்னா மலையாளத்துல இளைப்புங்க சார்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவர் உடனே, "மூணு கார்டையும் எடு" என்றார். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் "வலிவு உண்டு" என்ற வரிக்கு நேரே அவருடைய பச்சை டிக். விரலை அந்த டிக்குகள் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

அவர் ஒரு வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சாவியைத் திருகினார். மிதித்தார். சத்தம் வந்தது. இன்ஜின் அணைந்தது. அணைந்த பிறகும் காலை எடுக்காமல், கெட்டியான பெடலை இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"இது எறக்கத்துல..." என்றார்.

சாவியை உருவி, பச்சைப் பேனா இருந்த பையில் போட்டுக்கொண்டார். அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் செய்தார். எங்களுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

"நாளைக்கி டிஸ்பென்சரி வேன் போவாது சார்... ஆமா சார், சரின்னு நான்தான் சொன்னேன். இப்போ சரியில்லன்னும் நான்தான் சொல்லுதேன்... இல்ல சார். டிரைவர் மூணு தடவ எழுதிக் கொடுத்திருக்கார். நாங்கதான் வாசிக்கல."

கொடுத்திருக்கார். அதுவரை அவர் வாயில் பாபு அண்ணன் "அவன்"தான். பாபு அண்ணன் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முருகேசன் அண்ணன் கவனித்தார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அன்று சாயங்காலம் முகம் கழுவினேன். ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன். வேன் எங்கள் கூரைக்குக் கீழே சாவி இல்லாமல் நிற்பதை இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

மறுநாள் ஏழு பெண்களும் மேனேஜரின் ஜீப்பில் இரண்டு நடையாகப் போய்வந்தார்கள். ஓட்டியவர் பாபு அண்ணன். அதைக் கேட்டு வாங்கியவர் சார். பூஸ்டர் மூணாறில் கிடைக்கவில்லை. உடுமலைப்பேட்டையில் சொல்லி வைத்து, மறையூர் வழியாக வரும் பஸ்ஸில் வந்தது. அட்டைப்பெட்டியை இறக்கிய கண்டக்டர், "வெல்லமா?" என்று கேட்டார். மறையூர் வெல்லத்துக்குப் பேர் போன ஊர், அதைத் தாண்டி வரும் பெட்டி என்றால் அவருக்கு வெல்லம்தான். பழையதைக் கழற்றி வெட்டிப் பார்த்தோம். ரப்பர் திரையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். புதியதை மாட்டி, ஸ்லோ ஸ்பீட்டைத் திரும்ப எண்ணூற்றைம்பதுக்கு இறக்கினேன். பாபு அண்ணன் சீட்டில், நான் பக்கத்தில், ஆள் ஏற்றாமல் மூணாறு வரை போய் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, மிதித்துப் பிடித்து, ஊசியைப் பார்த்தோம். கடைசி மூன்று வளைவுகளில் அவர் ஊசியைப் பார்க்கவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த முறை அவரிடம் கேட்டேன். "போடட்டுங்களாண்ணா?"

"இட்டோ மோளே. தைரியமா இட்டோ."

சார் யாரிடமும் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் செய்தவை இரண்டு. புதிய கார்டு அச்சடித்தபோது அதில் கடைசியாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "டிரைவர் சீட்டில் இருந்து காட்டினார்: ஆம் / இல்லை." அடுத்து, மஞ்சள் கோட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்த நாளில், நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு அடிக்காமல் விடச் சொன்னார். பெயிண்ட் அடித்தவர் டப்பாவில் இன்னும் பெயிண்ட் இருக்கிறது என்று காட்டினார். "தெரியும், இருக்கட்டும்" என்றார் சார்.

அதற்குப் பிறகு பல வண்டிகள் பார்த்துவிட்டேன். என் பழைய பட்டியலில் ஒரு மாற்றம்தான் செய்திருக்கிறேன். பேட்டரி நெகட்டிவ்வை எடுப்பது முன்பு முதல் படி. இப்போது அது மூன்றாவது. முதல் படி, ஓட்டுபவரிடம் புகாரை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பது. இரண்டாவது, அவர் எங்கே உட்கார்ந்து, எதை மிதித்து அதைக் கண்டாரோ அங்கே நாமும் உட்கார்வது. ஜெபா, மின்சார வேனிலும் சீட்டும் பிரேக் பெடலும் இருக்கும்.

போன வாரம் அவள் ஒரு கார்டோடு ஓடி வந்தாள். மாதாந்திரச் சோதனைக்கு அதே வேன் வந்திருந்தது.

"அக்கா, டிஸ்பென்சரி வேன்ல ஏதோ பெரிய கோளாறு போல. வலிவு இல்லைன்னு எழுதியிருக்காவ!"

வாங்கிப் பார்த்தேன். அதே உருண்டை எழுத்து. புகார் என்ற இடத்தில் ஒரு கோடு. வேறு விவரம் என்ற இடத்தில்: வலிவு இல்லை.

வாசலில், கோட்டின் இடைவெளியில் பாபு அண்ணன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஜெபாவிடம் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். "போய் அவர்கிட்டயே கேளு" என்றேன். போனாள். நெஞ்சில் கை வைத்து அவர் ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக் காட்டியதும், கூரை அதிர அவள் சிரித்தது உள்ளே வரை கேட்டது.

வேன் ஓடுகிறது. ஸ்லோ ஸ்பீடு எண்ணூற்றைம்பது. பூஸ்டர் நன்றாக இருக்கிறது. பாபு அண்ணன்தான் ஓட்டுகிறார். நான் வெள்ளிக்கிழமை பாலக்காட்டுக்குக் கிளம்புகிறேன். பஸ் ஸ்டாண்டு வரை அந்த வேனில்தான் போகிறேன்.